மியாட்டாவுக்கு 5 கியரா, 6 கியரா? முதலில் கிரவுன் பினியனைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 1995 மாஸ்டா மியாட்டா, 1.8 லிட்டர் எஞ்சின், 5 கியர். இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம், காலையில் அதிகம், வண்டி சூடானால் கொஞ்சம் குறைகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில் ஒருவர் இரண்டாம் தலைமுறை மியாட்டாவிலிருந்து கழற்றிய 6 கியர் பெட்டியை விற்கிறார். அதை வாங்கிப் போட்டால் கரகரப்பும் போகும், ஹைவேயில் எஞ்சின் அலறுவதும் குறையும், நாளைக்கு டர்போ போட்டாலும் தாங்கும், ஆகவே போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். 5 நல்லதா 6 நல்லதா என்று எழுதியிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதா என்பது ஒன்று. கெட்டிருந்தால், உங்கள் ஹைவே சத்தத்துக்கு மருந்து கியர்பாக்ஸில்தான் இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்றவன். டொராண்டோ பக்கம் வந்து பதினெட்டு வருடமாக கியர்பாக்ஸும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும்தான் என் வேலை. மியாட்டா மட்டும் முப்பதுக்குக் குறையாமல் கையில் வந்திருக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு தலைமுறைகள். உங்கள் வண்டியை நான் ஓட்டிப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கரகரப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தக் காரில் குளிர்ந்த நேரத்தில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது பிறவிக் குணம். இங்கே இன்னும் குளிர் விடாத ஏப்ரல் மாதம் விடியற்காலையில் வெளியே நின்ற வண்டியை எடுத்து முதல் சிக்னலிலேயே இரண்டாவது போட்டால் நல்ல பெட்டிகூட முனகும். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் கரகரத்தால்தான் நான் காது கொடுப்பேன். உங்கள் வண்டி சூடான பிறகும் முழுதாக அடங்கவில்லை என்கிறீர்கள், சரி, ஆனாலும் கியர்பாக்ஸ் மீது பழி போடுவதற்கு முன்னால் கிளட்ச் முழுதாகப் பிரிகிறதா என்று பாருங்கள். வண்டி சூடானதும் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து ஆறு எண்ணிவிட்டு, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் உரசினால் கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் பாவம் சின்க்ரோ (கியர் விழுவதற்கு முன் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) என்ன செய்யும்? எல்லாக் கியரிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், ஏற்கெனவே பலவீனமான இரண்டாவதில் மட்டும் பெரிதாகக் கத்தும்.

மியாட்டாவில் இதற்கு வழக்கமான குற்றவாளி கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சைப் பிரிக்கும் சின்ன உருளை. கியர்பாக்ஸின் வலது பக்கத்தில் வெளியிலேயே, இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் முனையில் உள்ள ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது. மலிவான சாமான், மாற்றி, குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரம் போதும். கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும் என்று வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்களில் ஸ்லேவ் சிலிண்டர் மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பியவர்களே என் கணக்கில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் வேறு பெட்டியை ஏற்கெனவே வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டே வந்திருந்தார், அந்தக் குட்டி டிக்கியில் அதை எப்படி நுழைத்தார் என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

அடுத்து ஆயில். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இப்போதே இறக்குங்கள், சுமார் 2 லிட்டர் பிடிக்கும். இறக்கிய ஆயிலை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். தங்கத் தூள் கலந்த மாதிரி மினுக்கினால் அது சின்க்ரோவின் பித்தளை தேய்ந்து வந்தது. கொஞ்சம் இருந்தால் வயதுக் கோளாறு, ஆயில் முழுக்க அப்படி இருந்தால் பெட்டி தேய்ந்துவிட்டது. கையில் நிமிண்டி எடுக்கிற அளவில் இரும்புத் துணுக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பெட்டி முடிந்தது. திரும்ப ஊற்றுவதற்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம். உரிமையாளர் கையேட்டில் ஜிஎல்-5 ஊற்றலாம் என்றும் இருக்கும், அதை ஊற்றியதால் மட்டும் செத்த பெட்டி என்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் தர ஆயிலில் கலக்கும் கந்தகச் சேர்மங்களில் சில பித்தளைக்கு ஆகாது, பித்தளை சின்க்ரோ உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 கிடைக்கும்போது வேறொன்று எதற்கு என்பது என் கட்சி. கூடவே கியர் கம்பியின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தையும் திறந்து பாருங்கள். அதற்குத் தனியாக ஆயில் உண்டு, பெரும்பாலான கார்களில் காய்ந்து கிடக்கும். அங்கே உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கும், ரப்பர் உறை கிழிந்து கீழேயிருந்து சூடும் சத்தமும் மேலே வரும். இந்த மூன்றையும் புதிதாகப் போட்டால் கியர் விழுகிற விதமே மாறிவிடும், சிலர் பெட்டியையே மாற்றிவிட்டோமோ என்று சந்தேகப்படுவார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் சூட்டில் இரண்டாவது கரகரக்கிறது, மற்ற கியர்கள் சுத்தமாக விழுகின்றன என்றால், சரி, இரண்டாவது சின்க்ரோ போய்விட்டது. நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் ஒரு உறுமல், மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் பெட்டியின் முன்பக்க பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங், பெட்டிக்குச் சம்பந்தமில்லை. முடுக்கத்தைக் குறைக்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு எகிறினால் உள்ளே நிறையத் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில்தான் வேறு பெட்டி என்ற பேச்சுக்கே வர வேண்டும்.

இப்போது நீங்கள் ஆசைப்படும் 6 கியருக்கு வருகிறேன். மியாட்டாவில் இது முதலில் வந்தது 1999 பத்தாம் ஆண்டு சிறப்புப் பதிப்பில். ஐசின் நிறுவனத்தின் ஏஇசட்6 என்ற பெட்டி, நிஸான் சில்வியா எஸ்15, டொயோட்டா ஆல்டெஸ்ஸா கார்களிலும் இதே குடும்பம்தான். உங்கள் எஞ்சினுக்கு நேராகவே பொருந்தும், வெட்டு ஒட்டு எதுவும் தேவையில்லை, அந்த வகையில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. தவறு எங்கே என்றால், ஆறாவது கியர் என்றாலே ஹைவேக்கான கூடுதல் கியர் என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் 5 கியர் பெட்டியின் விகிதங்கள் (பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வர எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. அந்த 6 கியர் பெட்டியில் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. கடைசி எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். 0.843 என்பது 0.814-ஐ விடப் பெரியது. அதாவது புதுப் பெட்டியின் ஆறாவதில் எஞ்சின் உங்கள் பழைய ஐந்தாவதைவிட வேகமாகச் சுற்றும். ஆறாவது கியர் வந்ததால் மேலே கூடுதலாக ஒன்றும் இல்லை, முதல் கியர்தான் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். டிஃபரன்ஷியலுக்குள் வேகத்தைக் கடைசியாக ஒருமுறை குறைக்கும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். உங்கள் 1.8-இல் அதன் விகிதம் 4.10 என்று எடுத்துக்கொள்வோம், 1994 முதல் 1997 வரையான 1.8 மேனுவல் கார்களுக்கு அதுதான் கம்பெனி அளவு. 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டரில் இப்போது உங்கள் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 சுற்று ஓடும். அந்த 6 கியர் பெட்டியை மாட்டினால் அதே வேகத்தில் சுமார் 3,200. காசு கொடுத்து நூறு சுற்று சத்தத்தை வாங்கி வருகிறீர்கள்! இதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். தொழிலில் இருந்த தொடக்க நாட்களில், 4.30 கிரவுன் பினியன் உள்ள ஒரு வண்டிக்கு, வாடிக்கையாளர் கேட்டார் என்று எதுவும் பேசாமல் 6 கியரை மாட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். ஹைவேயில் இன்னொரு கியர் இருக்கிறதா என்று கை தானாகத் தேடுகிறது, முதல் கியரோ சிக்னலைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. மாட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான்.

நெருக்கமான கியர்கள் இருப்பதால் வண்டி சுறுசுறுப்பாகும் என்ற பேச்சும் உண்டு. அதில் பாதி உண்மை. 7,000 வரை இழுத்து முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் 5 கியரில் எஞ்சின் 4,200 சுற்றுக்கு விழும், 6 கியரிலும் அதே 4,200-தான். அந்தப் பெரிய பள்ளம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 4,930-க்கு எதிராக 5,075, அதன் பிறகும் நூறு நூறாகத்தான் வித்தியாசம், நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றும்போது 5 கியர்தான் குறைவாக விழுகிறது. மோஸ்போர்ட் மாதிரி ஓடுதளத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் சரியான கியர் வேண்டும் என்று அலைபவர்களுக்கு இது பயன்படலாம். தெருவில் ஓட்டும் உங்களுக்குத் தெரியப்போவது வேறு. 4.10-உடன் 6 கியரில் முதல் கியர் 50 கிலோமீட்டருக்கு முன்பே முடிந்துவிடும், இரண்டாவது 80 சொச்சத்தில் முடியும். இப்போது உங்களுக்கு அது கிட்டத்தட்ட 60, 98. நகரத்துக்குள் கை ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள், சிலருக்கு அதுவே சுகம், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்படியானால் மாஸ்டா ஏன் அதைப் போட்டது? அவர்கள் அதைத் தனியாகப் போடவில்லை, கூடவே கிரவுன் பினியனையும் மாற்றினார்கள். பத்தாம் ஆண்டுப் பதிப்பில் 6 கியருடன் வந்தது 3.909. பின்னால் வந்த சில 6 கியர் கார்களில் 3.636 இருந்தது. 6 கியரும் 3.909-உம் சேர்ந்தால் 100 கிலோமீட்டரில் சுமார் 3,050, ஏறத்தாழ உங்கள் இன்றைய நிலை. 3.636 என்றால் 2,850 பக்கம் வரும், முதல் கியரும் பழையபடி பயன்படுகிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் 6 கியருக்குத் தகுந்த ஜோடி அதுதான். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பெட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதல்ல, அதே காரின் டிஃபரன்ஷியலும் கிடைக்குமா என்பதுதான். உங்கள் 1.8-இல் இருப்பது 7 அங்குல டிஃபரன்ஷியல், இரண்டாம் தலைமுறையிலும் 7 அங்குலம்தான் பெரும்பான்மை, மாறிப் பொருந்தும். 1990 முதல் 1993 வரையான 1.6 கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கிளம்பிவிட வேண்டாம், அவர்களுக்கு 6 அங்குலச் சின்ன டிஃபரன்ஷியல், அரைஅச்சு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீண்ட தண்டு) என்று வேலை நீளும்.

ஹைவே சத்தம் மட்டும்தான் உங்கள் வருத்தம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் பெருமை பேச எதுவும் இல்லை. உங்கள் 5 கியரை வைத்துக்கொண்டு 3.909 டிஃபரன்ஷியலை மட்டும் போட்டால் 100-இல் சுமார் 2,950 வரும். 3.636 போட்டால் 2,750 வரை இறங்கும், ஆனால் வண்டி கிளம்பும்போது சோம்பல் தெரியும், 130 குதிரைத்திறன் அளவுள்ள வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிரவுன் பினியன் எதை மாற்றினாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், அதற்கேற்ற பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், துணிக்கூரை மியாட்டாவில் ஹைவே சத்தத்தில் பெரும்பங்கு காற்று. இருநூறு சுற்று குறைந்தால் காதுக்கு நிம்மதி எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

டர்போ பற்றி. 5 கியர் பெட்டி கம்பெனி எஞ்சினுக்கு இரும்பு மாதிரி உழைக்கும், டர்போ போட்டு முறுக்குவிசையைக் கூட்டினால் அதன் பற்கள்தான் முதலில் உடையும், நான் திறந்த பெட்டிகளில் மூன்றாவது கியர்தான் உடைந்திருந்தது. எந்த எண்ணில் உடையும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஓட்டுகிறவரின் இடது காலைப் பொறுத்தது, கிளட்சைப் பட்டென்று விடுகிறவர் குறைந்த பவரிலேயே உடைப்பார். 6 கியர் இதைவிடத் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உடையாத பெட்டி என்று மியாட்டாக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், 250 குதிரைத்திறன் டர்போ சில்வியாவில் அதே குடும்பத்துப் பெட்டியை வைத்திருப்பவர்கள் அதைப் பலவீனம் என்று திட்டுகிறார்கள். ஒப்பிடும் இடம்தான் வேறு. டர்போ உங்களுக்கு நாளைக்கு என்றால் 6 கியரை இன்றே வாங்குவதில் அர்த்தம் உண்டு. என்றைக்காவது என்றால், அதற்குள் இன்னொரு பெட்டி உங்கள் கண்ணில் படும்.

எனவே உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதலில் ஸ்லேவ் சிலிண்டரும் ஆயிலும் கியர் கம்பிக் கிண்ணமும். அதிலும் அடங்காவிட்டால் நல்ல 5 கியர் பெட்டி ஒன்று தேடுவேன். 1.6, 1.8, முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை எதுவானாலும் 5 கியர் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும், ஆகவே கிடைப்பது எளிது. இந்தப் பக்கம் நான் பார்த்தவரை 6 கியர் விலையில் பாதிகூட வராது. பிரித்துப் பழுது பார்க்கலாமே என்று கேட்பீர்கள். சின்க்ரோ, பேரிங், சீல், கூலி எல்லாம் கூட்டினால் ஓடுகிற பழைய பெட்டியின் விலையைத் தாண்டிவிடும், அந்த வேலையைச் செய்து சம்பாதிக்கிற நானே சொல்கிறேன். உங்கள் பழைய பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி வாங்கும்போது காரில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் அதுதான் உத்தமம். கழற்றி வைத்ததுதான் என்றால், முன்தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள், எங்கேயும் சொரசொரப்போ தட்டலோ இருக்கக்கூடாது. தண்டு லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், அதன் முனையை எஞ்சினில் உள்ள பைலட் பேரிங்தான் தாங்கிப் பிடிக்கும், வெளியே இருக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றச் சொல்லி அதன் காந்தத்தைப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டும் வேலையைப் பற்றி ஒன்றிரண்டு. இந்தக் காரில் கியர்பாக்ஸுக்குத் தனியாகக் குறுக்குச்சட்டம் கிடையாது, டிஃபரன்ஷியலிலிருந்து வரும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம்தான் அதைப் பின்னால் தாங்குகிறது. பனிக்காலத்தில் நம் ஊர்ச் சாலையில் தூவும் உப்புக்கு அதன் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும், இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தச் சட்டத்தின் உயரத்தைப் பட்டறைக் கையேட்டின்படி அளந்து வைக்க வேண்டும், கண்மதிப்பில் இறுக்கினால் ஓடும்போது அதிர்வு வரும், பிறகு ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் குறை சொல்வீர்கள். பெட்டி கீழே இருக்கும்போது கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள், இன்னொரு முறை இறக்க யாருக்கும் மனசு வராது. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் மாற்றுங்கள், காய்ந்திருந்தால் தொடாதீர்கள் என்பது என் பழக்கம், இதில் மற்ற மெக்கானிக்குகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பழைய பெட்டியிலிருந்து ஸ்பீடோமீட்டர் கேபிள் பொருந்தும் பகுதியையும் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், இரண்டாம் தலைமுறைப் பெட்டி வாங்கினால் கட்டாயம் தேவைப்படும்.

விற்பவர் முன்பணம் கேட்டால் இந்த வாரம் கொடுக்காதீர்கள். ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்ததா, ரிவர்ஸ் சோதனையில் உரசியதா, இறக்கிய ஆயிலில் என்ன வந்தது என்று இதற்குக் கீழேயே எழுதுங்கள், தட்டில் ஊற்றிய ஆயிலைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.